ஆளோலை எழுதிக்கொடுத்த அடிகளார்

பணிவு என்னும் சொல்லை மலைநாட்டில் வாழும் நாம் சற்று எச்சரிக்கையோடே எடுத்தாளவேண்டியுள்ளது. நம் பாட்டன்மார் பிரட்டுக்களத்திலே கைகட்டி நின்றதும், துரை வரும் வழியிலே தலைத்துண்டை அவிழ்த்து இடுக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றதும் அக்காலத்திற் பணிவு என்றே பெயர் பெற்றன. அஃது அச்சத்தாலும் பசியாலும் விளைந்தது, உள்ளத்திலிருந்து விளைந்ததன்று. ஆகையால், பணிவின் பெருமையைப் பேசுவதற்கு எவரேனும் எழுந்தால், கற்ற நம் இளைஞர் முகஞ்சுளிப்பது இயல்பே. அவர்மீது குறை கூறுதற்கில்லை.

ஆயினும், எவராலும் வற்புறுத்தப்படாமல், எவர்க்கும் அஞ்சாமல், தாமே விரும்பிக் கீழிறங்கி நின்ற ஒருவருடைய வரலாறு இந்நாட்டில் உண்டு. அவர் யோசப் வாஸ் அடிகளார். கத்தோலிக்க மக்கள் அவரைப் புனிதர் எனப் போற்றுவர். இந்துக் கல்லூரி மலரிலே கிறித்தவக் குரு ஒருவரின் வரலாறு எதற்கு என்று வினவுவோர் இருப்பாராயின், வரலாற்றைப் படித்து முடித்தபின் வினவுக என்பதே என் விடை.

அடிகளார் 1651 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 21 ஆம் நாள், கோவாவின் தென்பாகத்திலுள்ள பெனாலிம் என்னும் ஊரிலே, தாயாரின் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தோவாவோ வாஸ். தாயார் மரியா மிராண்டா. முன்னோர் கொங்கணி மொழி பேசிய அந்தணர். போர்த்துக்கேயர் ஆட்சியிலே கத்தோலிக்க சமயந் தழுவியவர். தாய்மொழியாகிய கொங்கணியோடு போர்த்துக்கேய மொழியையும் இலத்தீனையும் கற்று, மெய்யியலும் இறையியலும் பயின்று, 1676 இல் யோசப் வாஸ் குருப்பட்டம் பெற்றார்.

அந்நாளையக் கோவாவிலே ஒரு நிலை இருந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த துறவியர் சபைகள் சுதேசிகளைத் தம்முள் ஏற்பதில்லை. எத்துணைக் கல்வியும் ஒழுக்கமும் உடையராயினும், நிறத்தாற் கறுத்தவர் இரண்டாந்தரக் குருமாராகவே எண்ணப்பட்டனர். யோசப் வாசும் அவ்வாறே எண்ணப்பட்டவர். பிறப்பால் உயர்வு சொல்லும் குலம் ஒருபுறம். பிறப்பால் இழிவு சொல்லும் ஆட்சி மறுபுறம். இவ்விரண்டில் ஒன்றைப் பற்றிச் செருக்குறவும் மற்றொன்றைப் பற்றி மனங்கசந்து நிற்கவும் அவருக்கு வாய்ப்பு நிறைய இருந்தது. அவரோ இரண்டையும் ஒருசேர விலக்குவதற்கு ஒரு வழி கண்டார்.

குருவானதற்கு அடுத்த ஆண்டு, 1677 ஆகஸ்டு 5 ஆம் நாள், அவர் ஓர் அடிமைச் சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார். தேவமாதாவாகிய மரியாளுக்குத் தாம் என்றும் மீளா அடிமை என்பதே அச்சாசனத்தின் பொருள். சைவ உலகத்தவராகிய நமக்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது. திருவெண்ணெய்நல்லூரிலே சுந்தரமூர்த்தி நாயனாரைத் தடுத்தாட்கொள்ள வந்த கிழவேதியர் கையில் இருந்ததும் ஓர் ஆளோலையன்றோ? அங்கே ஓலையைக் காட்டி இறைவனே வழக்குத் தொடுத்தான், நாயனார் முதலில் மறுத்தார், கிழித்தும் எறிந்தார். இங்கோ வழக்குத் தொடுப்பாரும் இல்லை, ஓலை கேட்பாரும் இல்லை. இருபத்தாறு வயதுடைய இளைஞர் தாமே எழுதித் தாமே கையொப்பமிட்டுக் கொடுத்தார். அடிமைக்குக் கூலி இல்லை, பாராட்டு இல்லை, இன்னாருடைய ஆள் என்பதைத் தவிர வேறு பெயரும் இல்லை. உடையவரின் திருவுள்ளம் ஒன்றே அவன் நோக்கவேண்டியது. அவ்வோலைக்குப் பின் அடிகளார் வாழ்ந்த முப்பத்துமூன்று ஆண்டுகளையும் அதன் உரை என்றே கூறலாம்.

இலங்கைக் கத்தோலிக்கர் குருவின்றித் தவிக்கின்றனர் என்னுஞ் செய்தி அக்காலத்தே அவர் செவிக்கு எட்டியது. உடனே புறப்பட விழைந்தார். மேலிடத்தாரோ 1681 இல் அவரைக் கன்னட நாட்டுப் பணிக்குத் தலைவராக்கி அனுப்பினர். அங்கே கோவாப் பேராயருக்கும் உரோமாபுரி நேரே நியமித்த ஆயருக்கும் இடையே அதிகாரப் பூசல் மூண்டிருந்தது. ஆலயத்துக்குள் யாருடைய ஆணை செல்லும் என்பதே வழக்கு. இருதரப்பாரையும் பகையாமல், மக்களுக்கு இடர் நேராமல் மூன்றாண்டுகள் அவர் உழைத்தார். பதவி என்பது எத்துணை எளிதிற் பகைக்கு வித்தாகும் என்பதை அந்நாளிலேயே அவர் கண்டிருக்கவேண்டும் என்பது என் கருத்து. பிற்காலத்தில் அவர் செய்த ஒரு பெரிய மறுப்புக்கு வேர் அங்கேயே ஊன்றியிருக்கலாம்.

1684 இற் கோவா திரும்பியவர், மறு ஆண்டு, சுதேசக் குருமார் சிலர் பழைய கோவா நகரிலே கூடி அமைத்திருந்த சிறு சங்கத்திற் சேர்ந்தார். ஐரோப்பியர் சபைகளிலே இடம்பெறாத இந்தியக் குருமார் தமக்கெனத் தாமே அமைத்துக்கொண்ட இல்லம் அது. சேர்ந்த சின்னாளிலே அவரையே தலைவராகத் தேர்ந்தனர். சங்கத்துக்கு ஒழுங்குமுறை வகுத்துக் கொடுத்துவிட்டு, தலைமையை விட்டிறங்கி, 1686 இல் இலங்கை நோக்கிப் புறப்பட்டார்.

இலங்கையின் நிலை யாது? 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டை வீழ்ந்தபின், போர்த்துக்கேயர் வசமிருந்த கரையோரம் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஒல்லாந்தர் சீர்திருத்தக் கிறித்தவர். கத்தோலிக்கக் குருமாரை நாட்டைவிட்டு அகற்றினர், குருவுக்கு அடைக்கலம் அளிப்பார்க்குக் கடுந்தண்டம் விதித்தனர், ஆலயங்களைத் தமதாக்கினர். இங்ஙனம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரு குருவும் இன்றிக் கழிந்தன. இத்தகைய நாட்டுக்குக் குருவின் உடையில் வருதல் இயலாது. ஆகவே அடிகளார் கூலியாள் வேடம் பூண்டார். இடுப்பிலே ஒரு முழத்துண்டு. மேலே ஒரு கந்தை. உடன் யோவான் என்னும் பணியாள் ஒருவன். தூத்துக்குடியிலிருந்து மரக்கலம் ஏறி 1687 இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார்.

கூலி என்னுஞ் சொல் நம் தோட்டங்களிலே எத்தகைய சொல் என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. நம்மவர் பெயரைப் பதிவேட்டில் எழுதும்போதும் அச்சொல்லோடு எழுதினர். திட்டும்போதும் அச்சொல்லால் திட்டினர். அதை நாம் களைந்தெறிய முயன்றது நியாயமே. ஆனால், நூலுங் குலமும் கல்வியும் பட்டமும் உடைய ஒருவர், அச்சொல் நம் மலைகளுக்கு ஏறி வருவதற்கு நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னே, அதனைத் தாமே எடுத்துத் தோளிற் போட்டுக்கொண்டு வந்தார் என்பதை எண்ணும்போது, தாழ்வு சொல்லிலே இல்லை, அதனைப் பிறர்மீது சுமத்துவார் நெஞ்சிலேதான் இருக்கின்றது என்பது தெளிவாகின்றது.

யாழ்ப்பாணத்தில் இறங்கிய சின்னாளிலே கொடிய வயிற்றுக்கடுப்பு அவரை வீழ்த்தியது. அறிமுகமில்லாத ஊரிலே, நோயுற்ற பரதேசியை எவர் வீட்டில் ஏற்பர்? இரக்கமுள்ள பெண்ணொருத்தி வார்த்த கஞ்சியினால் உயிர் தப்பினார் என்று வழிவழியாகக் கூறுவர். உடல் தேறியதும் வீடுவீடாகச் சென்று பிச்சை ஏற்கத் தொடங்கினார். கழுத்திலே ஒரு செபமாலை. பிச்சை இடுவார் கண்கள் அம்மாலையிலே தங்குகின்றனவா, கடந்து செல்கின்றனவா என்று நோக்குவதே அவர் செய்த சோதனை. தங்கிய கண்களுக்குரியோர் கத்தோலிக்கர் என அறிந்துகொண்டார். இவ்வாறு ஒருவர், இருவர், ஒரு குடும்பம், ஒரு தெரு எனத் தம்மவரைத் தேடிக் கண்டார்.

பின்னர் சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடமாயிற்று. பகலெல்லாம் மறைந்திருந்து, இரவிலே வீடுகளிற் பூசை நிகழ்த்தி, விடியுமுன் வேற்றிடஞ் செல்வது வழக்கமாயிற்று. தமிழையும் அவர் தேர்ச்சிபெறக் கற்றார். 1689 ஆம் ஆண்டு நத்தார் இரவிலே ஒல்லாந்தப் படைவீரர் கத்தோலிக்கர் கூடிய வீடுகளை வளைத்தனர். பலர் சிறைப்பட்டனர், சிலர் அடியுண்டு மாண்டனர். அடிகளார் அகப்படவில்லை. ஆட்சியாளருக்கு அடங்கி நடத்தலே பணிவு என்பது உண்மையாயின், இவரிடம் அப்பணிவு எள்ளளவும் இல்லை. ஓர் அரசின் கடுஞ்சட்டத்தை இரவுதோறும் மீறிய மனிதர் இவர். ஆயினும் அம்மீறலிலே வீரப்பறை இல்லை. தம் பெயரை ஊரார் அறியவேண்டும் என்னும் ஆசையும் இல்லை. பெயர் வெளிப்படுமாயின் பிறர் இடர்ப்படுவர் என்றே அவர் அஞ்சினார்.

1690 இற் புத்தளஞ் சென்று, கண்டியரசன் ஆணை நடந்த அப்பகுதியில் ஓராண்டளவு பணியாற்றியபின், 1692 இற் கண்டி மாநகரை அடைந்தார். அக்காலக் கண்டி இராச்சியம் இன்றைய கண்டி மாவட்டம் மட்டுமன்று. நம் ஊவாவும் அதனுள் அடங்கியதே. இன்று தேயிலை விரிந்து கிடக்கும் லுணுகலை, பசறைச் சரிவுகள் அன்று அடர்ந்த காடு. அங்குமிங்குஞ் சிங்களக் கிராமங்கள், ஒற்றையடிப் பாதைகள், அட்டையும் யானையும் உலவும் கணவாய்கள். மலைநாட்டு மழையிலே ஒருநாள் நடந்து பார்த்தவர்க்கே தெரியும், கால்நடையாக இந்நாட்டைச் சுற்றுதல் என்பதன் பொருள்.

கண்டியில் அவரை வரவேற்றது சிறைச்சாலை. அரண்மனையிலே செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சு நாட்டவர் ஒருவர், வந்தவர் போர்த்துக்கேய ஒற்றர் என அரசனுக்கு உரைத்தார் என்பர். மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன். உடன்வந்த கத்தோலிக்கர் இருவரோடு அடிகளார் காவலில் வைக்கப்பட்டார். தப்பியோட முயலாதிருக்கும் வரையிலே காவலர் அவரை வருத்தவில்லை. அவர் சிறையைக் கல்விச்சாலையாக்கினார், சிங்களங் கற்றார். பின்பு ஒரு குடிசையைக் கட்டிக் கோயிலாக்கி, அங்கே இருந்த கைதிகளுக்குக் குருவானார். நாளடைவில் அரசனின் ஐயம் நீங்கிற்று. நாடு மழையின்றி வாடிய காலத்திலே அவர் செய்த மன்றாட்டினால் மழை பொழிந்தது என்றும், அதன்பின்னரே மன்னன் 1696 இல் விடுதலை வழங்கினான் என்றும் கத்தோலிக்க வரலாற்றாசிரியர் எழுதுவர். மழையின் காரணத்தை ஆராய்வது என் வேலையன்று. அம்மன்னன் அரக்கான் நாட்டிலிருந்து பிக்குமாரை வரவழைத்துப் பௌத்த சங்கத்தைப் புதுப்பித்தவன் என்பதும், அதே மன்னனே ஒரு கத்தோலிக்கக் குருவுக்கும் இடந்தந்தான் என்பதும் என்னைப் பெரிதும் கவர்ந்த செய்திகள். இக்காலத்தில் அரசியலார் சிலர் இதைக் கற்பது நன்று.

1697 இற் கோவாவிலிருந்து மூன்று குருமார் துணையாக வந்தனர். அவருள் ஒருவர் அடிகளாரின் மருகராகிய யோசப் கார்வாலியோ. கொச்சி ஆயர், யோசப் வாசை இலங்கை முழுவதற்கும் தம் பிரதிநிதிக் குருவாக நியமித்திருந்த செய்தியையும் அவர்கள் கொண்டுவந்தனர். அந்த ஆண்டிலேயே கண்டியில் அம்மைநோய் பரவிற்று.

பெரியம்மை என்பது இன்றைய மாணவர் கண்ணாற் காணாத நோய். அம்மைப்பால் கண்டறியப்படுவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகட்கு முன் நிகழ்ந்தது இது. மருந்து இல்லை, தடுப்பு இல்லை, ஓடுவதே உபாயம். மன்னனும் பிரதானிகளும் நகரைவிட்டு நீங்கினர். ஓட இயன்றவர் ஓடினர். நோயுற்றவரை உறவினரே காட்டிற் கொண்டுபோய் விட்டு மீண்டனர். தாய் மகனை விட்டாள். மகன் தந்தையை விட்டான். அவர்களைக் கொடியோர் என்று எளிதில் தூற்றிவிடலாகாது. எஞ்சிய பிள்ளைகளைக் காக்க வேறு வழி அறியாதவர் அவர். நகரிலே நிலைத்து நின்றவர் அடிகளாரும் மருகரும், அவரைச் சேர்ந்த சிலருமே. காட்டில் விடப்பட்டார்க்குக் கொட்டில் அமைத்தனர். கஞ்சி காய்ச்சி ஊட்டினர். சீழ் வடியும் புண்ணைக் கழுவினர். கிடந்த இடத்தைக் கூட்டினர். இறந்தோரைச் சுமந்து சென்று, தாமே குழிதோண்டிப் புதைத்தனர். இவர் பௌத்தர், இவர் கத்தோலிக்கர், இவர் உயர்ந்தோர், இவர் தாழ்ந்தோர் என்று பிரித்ததில்லை.

ஈண்டு ஒன்றை நினைக்கவேண்டும். இலங்கை முழுவதற்கும் தலைமைக்குருவாக நியமனம் பெற்றவர் அவர். நோயாளரிடம் மற்றவரை அனுப்பிவிட்டுத் தாம் ஆணையிட்டு இருந்திருக்கலாம். எவரும் குறை கூறியிருக்கமாட்டார். அரசன் ஊரில் இல்லை, பிரதானிகள் இல்லை, கோவா தொலைவிலுள்ளது. மலங்கழுவும் கையைப் பார்த்து வியப்பதற்கு அங்கே யார் இருந்தார்? நோயாளரிற் பலர் கண்ணும் அம்மையால் மூடிக்கிடந்தன. எவர் கண்ணுக்காகச் செய்தார் என்று கேட்போமாயின், இருபது ஆண்டுகட்கு முன் எழுதிய ஓலையே விடை சொல்லும். திருநாவுக்கரசர் உழவாரப்படை தாங்கிக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கியதும் இத்தகைய தொண்டே. நாடறிந்த நாவலர் ஒருவர் புற்செதுக்குவதை அரசர் பார்த்தால் என்ன, பாராவிட்டால் என்ன?

நோய் தணிந்து திரும்பிய மன்னன் நடந்ததைக் கேட்டறிந்தான். அதன்பின் நாடெங்குஞ் செல்லவும் போதிக்கவும் அடிகளாருக்கு முழு உரிமை கிடைத்தது. அவ்வுரிமையால் அவர் பலரைத் தம் சமயத்திற் சேர்த்தார் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. அதனை நாம் அனைவரும் ஒருபடித்தாக மதிக்கமாட்டோம். ஆனால் அம்மைக்கொட்டிலிலே அவர் செய்ததை மதிப்பதற்குச் சமயம் தடையன்று.

இனி அப்பெரிய மறுப்பைக் கூறுவேன். 1705 ஆம் ஆண்டளவில், கீழைநாடுகளுக்குப் பாப்பரசரின் தூதராக வந்திருந்த தூர்னோன் என்பார் யோசப் வாசின் பணியைக் கேள்வியுற்று, அவரை ஆயராக உயர்த்த எண்ணினார். கறுத்த நிறத்துக் குருவொருவருக்கு அக்காலத்தில் இஃது எளிதிற் கிட்டும் பேறன்று. அவர் சங்கத்தாருக்கும் அது பெருமையே. நம் இனத்தவன் ஒருவன் அப்பீடத்தில் ஏறினான் என்று கோவா முழுவதும் மகிழ்ந்திருக்கும். அடிகளார் தமக்குத் தகுதியில்லை எனக்கூறி மறுத்துவிட்டார்.

இம்மறுப்பை யான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. உரிமை மறுக்கப்பட்ட ஓர் இனத்துக்கு உயர்பதவி வரும்போது அதனைத் தள்ளுதல் சரியா? அவர் ஏற்றிருந்தால், பின்வந்த சுதேசக் குருமார்க்கு வழி திறந்திருக்கும் அன்றோ? நம் சமூகத்திலும் இக்கேள்வி உண்டு. தோட்டத்துப் பிள்ளை ஒருவனுக்கு உத்தியோகம் வந்தால், பணிவு கருதி அதை விடு என்று நான் சொல்லமாட்டேன். போய் அமர்ந்து, நிமிர்ந்து வேலை செய் என்றே சொல்வேன். ஆனால் அடிகளார் வேலையை மறுத்தவரல்லர். சிறைக்குள்ளும் வேலை செய்தவர். கொச்சி ஆயர் கொடுத்த பொறுப்பை மறுசொல் இன்றி ஏற்றவர். அவர் மறுத்தது மகுடத்தை மட்டுமே. மேலும், ஆயர் மகுடத்தோடு கன்னட நாட்டிற் கண்ட அதே அதிகாரப் பூசலும் இலங்கைக்கு வந்து சேர்ந்திருக்கும். பிச்சைக்காரன் வேடத்தில் ஒல்லாந்தர் எல்லைக்குள் நுழைந்து சாவார்க்குத் துணைநிற்கும் ஒருவருக்கு, செங்கோலும் முடியும் சுமையன்றி வேறென்ன?

அந்த ஆண்டளவிலே புதிய குருமாரும் வந்தமையால், இலங்கைப் பணியை எட்டுப் பிரிவாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு குருவை நிறுத்தினார். வந்தவருள் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழாசிரியராகிய எமக்கு உறவினர் போன்றவர். தமிழிலும் சிங்களத்திலும் உரைநடையும் செய்யுளுமாகப் பல நூல்களை இயற்றியவர். தேவ அருள்வேத புராணம் அவர் தமிழ் நூல்களுட் குறிப்பிடத்தக்கது. மக்கள் மொழியிலே சமய இலக்கியம் எழவேண்டும் என விரும்பி அவரை அவ்வழியில் ஊக்கியவர் யோசப் வாஸ். தம்மினும் புலமை மிக்க இளையவரை முன்னே நிறுத்தித் தாம் பின்னே நிற்பது எழுத்துலகில் எத்துணை அரிது என்பதை மலர்க்குழுக்களிற் பணியாற்றிய அன்பர் அறிவர்.

1707 இல் விமலதர்மசூரியன் மறைந்தான். அவன் மகன் நரேந்திரசிங்கன் தந்தையினும் மேலாக அடிகளாரை ஆதரித்தான். 1710 இல், உடல் தளர்ந்த நிலையிலும், அடிகளார் மீண்டும் ஒரு பயணம் புறப்பட்டார். அதுவே இறுதிப் பயணம். நோயோடு கண்டி திரும்பியவர், தம் சங்க ஒழுங்குப்படி ஆண்டுதோறும் மேற்கொள்ளும் எட்டுநாள் தியானத்தைத் தொடங்கினார். எட்டாம் நாள் வருமுன்னரே நிலை மோசமாயிற்று. 1711 சனவரி 16 ஆம் நாள், ஐம்பத்தொன்பதாம் வயதில், கண்டியிலே உயிர்நீத்தார். இலங்கைக்கு வந்த நாள்முதல் தாய்நாட்டை அவர் ஒருமுறையேனுங் கண்டதில்லை.

கண்டியிலிருந்த அவருடைய கோயிலிலே உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. பிற்காலத்தே அரசர் மனம் மாறிற்று, குருமார் வெளியேற்றப்பட்டனர், கோயிலும் அழிந்தது. 1995 சனவரி 21 ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பு காலிமுகத்திடலில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 சனவரி 14 ஆம் நாள், நாம் தைப்பொங்கலுக்குப் பானையும் கரும்பும் வாங்கிக்கொண்டிருந்த வேளையில், அதே திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ், புனிதர் பட்டத்துக்கு வழக்கமாக வேண்டப்படும் இரண்டாம் அற்புதத்தையும் கேளாமல், அவரைப் புனிதராக உயர்த்தினார். கடற்கரை கொள்ளாத மக்கள் கூடினர். அவர் எலும்புகள் கண்டி மண்ணில் எவ்விடத்தே கிடக்கின்றன என்பது மட்டும் இன்றளவும் எவர்க்கும் தெரியாது.